நிருபரா, களப்பணியாளரா, காணொலிக்காரரா? இராமநாதபுரக் கரையில் ஒரு சிறு மக்கள் தொடர்பு நிறுவனம் யாரைச் சேர்க்க வேண்டும்

இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, இராமநாதபுரம் ஆகிய ஊர்களில் சிறிய அளவில் மக்கள் தொடர்பு நிறுவனம் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் ஏறத்தாழ ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நிறுவனர் ஒருவர், கணக்கும் அலுவலகமும் பார்க்கும் துணைவர் ஒருவர் என இருவர் ஏற்கெனவே இருக்கிறார்கள். இன்னும் ஒருவருக்கு, மிஞ்சிப்போனால் இருவருக்குச் சம்பளம் கொடுக்க முடியும். அந்த இடத்துக்குப் பத்திரிகை நிருபராக இருந்தவரை எடுப்பதா, அரசின் செய்தித் துறையில் ஓய்வு பெற்றவரை அழைப்பதா, தொண்டு நிறுவனத்துக்காக ஊர் ஊராகச் சென்ற களப்பணியாளரைச் சேர்ப்பதா, காணொலியும் சமூக ஊடகமும் தெரிந்த இளைஞரை எடுப்பதா, கடல் அறிவியல் படித்தவரைத் தேடுவதா என்பதே கேள்வி.

சென்னையிலுள்ள நிறுவனத்துக்குப் பொருந்தும் பதில் இங்கே அப்படியே பொருந்தாது. அங்கே செய்தியைப் படிப்பவர் யாரோ ஒருவர். இங்கே அவர் வாடிக்கையாளரின் பக்கத்துத் தெருக்காரர். சுமார் 237 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மாவட்டக் கரையின் வடபுறம் பாக் நீரிணை, தென்புறம் மன்னார் வளைகுடா. விடுதி, மருத்துவமனை, கல்லூரி, கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம், கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாயை விற்கும் உற்பத்தியாளர் அமைப்பு, கடல்வளப் பாதுகாப்புக்கான தொண்டு நிறுவனம் என்று யார் வாடிக்கையாளராக வந்தாலும், அவருடைய வேலை மீனவர் பிழைப்பையோ, அரசு அனுமதியையோ, கோயில், தர்கா, தேவாலயம் சார்ந்த நம்பிக்கையையோ ஏதாவது ஓரிடத்தில் தொட்டே தீரும். தவறான ஒரு வாக்கியம் அச்சேறினால் மறுநாள் காலையில் அதற்கு விளக்கம் கேட்டு ஆட்கள் நேரிலேயே வந்து நிற்பார்கள்.

அதே போல, இங்கே மக்கள் தொடர்பு என்பது பெரும்பாலும் விளம்பரமே அன்று. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் இரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும் வரை, இராமேசுவரத்துக்கு வரும் பயணி எங்கே இறங்குவது, அங்கிருந்து எப்படி வருவது என்பதைச் சரியாகச் சொல்வதே ஒரு விடுதிக்குத் தேவையான மக்கள் தொடர்பாக இருந்தது. அதைத் தெளிவாகவும் உடனுக்குடனும் சொல்லத் தெரிந்தவர் எந்தப் பின்னணியிலிருந்து வருவார் என்று யோசித்தால், ஆள் தேர்வு வேறு கோணத்தில் தெரியத் தொடங்கும்.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் செய்தி உணர்வு. எது செய்தி, எது வெறும் பாராட்டுரை என்று பிரித்தறிவதும், பிரித்ததைப் பிழையின்றி, சுருக்கமாக, குறித்த நேரத்துக்குள் எழுதுவதும் இதில் அடங்கும்.

இரண்டாவது, கரையில் அவருக்குள்ள நம்பகம். பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ தொண்டியிலோ ஊர்த் தலைவர், ஜமாஅத் பொறுப்பாளர், பங்குத்தந்தை, மீனவர் சங்கச் செயலாளர், மகளிர் குழுத் தலைவி ஆகியோர் அவர் அழைத்தால் பேசுவார்களா, பேசினால் உள்ளதைச் சொல்வார்களா என்பது இது.

மூன்றாவது, அலுவலக நடைமுறை அறிவு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மீன்வளத்துறை, வனத்துறை, கடலோரக் காவல் குழுமம் ஆகியவற்றில் எந்தக் கோப்பு எந்த மேசைக்குப் போகும் என்று தெரிந்திருப்பது.

நான்காவது, வாடிக்கையாளரிடம் ‘இதைச் சொல்லக் கூடாது’ என்று சொல்லும் துணிவு. ஐந்தாவது, அவர் முன்பு பார்த்த வேலை இப்போதைய வேலையோடு மோதும் இடங்கள். ஆறாவது, சம்பளப் பட்டியலில் வராத செலவு: பயணம், கருவி, பயிற்சி, அவர் தம் சம்பளத்தைத் தாமே ஈட்டித் தரும் நிலைக்கு வர எடுக்கும் காலம்.

இவற்றில் நான்காவதற்கே நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். அதற்குக் காரணம் இந்தத் தொழிலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் செய்தித்தாள் நிருபராக இருந்து மக்கள் தொடர்புக்கு வந்த ஐவி லீ, 1906இல் நிலக்கரிச் சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றியபோது, தம் வேலை முழுவதும் வெளிப்படையாக நடக்கும், தரும் தகவல் சரியானதாக இருக்கும் என்ற உறுதிமொழியைப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு எழுதி அனுப்பினார். அவர் வாழ்நாள் முழுவதும் அதன்படி நடந்தாரா என்பதில் விமரிசனங்கள் உண்டு. ஆனாலும் இந்தத் தொழில் நிற்க வேண்டிய தரையை அந்த உறுதிமொழி காட்டிவிட்டது.

ஒவ்வொரு பின்னணியையும் ஒரே வேலையில் வைத்துப் பார்ப்பது நல்லது. மண்டபம் பகுதியில் கடற்பாசி வளர்க்கும் ஒரு நிறுவனம் செய்திக்குறிப்பு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் தரும் வரைவில் ‘கடலுக்கு எந்தத் தீங்கும் இல்லாத தொழில்’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை ஐந்து பேரும் எப்படிக் கையாள்வார்கள்?

முன்னாள் நிருபர்

நிருபராக இருந்தவர் அந்த வரியைப் படித்ததும், ‘இதை யார் சொல்கிறார்?’ என்று கேட்பார். சொல்பவர் பெயரில்லாமல், ஆதாரமில்லாமல் வரும் வரியைச் செய்தி மேசை வெட்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை குடும்பங்கள், எந்த ஊர், பாசி வளர்க்கும் மிதவை ஒன்றுக்கு எவ்வளவு மகசூல், யாருக்கு விற்கிறார்கள் என்று கேட்டு வாங்கி ஒரு பக்கத்தில் முடித்துவிடுவார். மாலைக்குள் படத்துடன் அனுப்பினால்தான் மறுநாள் மாவட்டப் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்பதையும் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அவரால் கிடைக்கும் இரண்டாவது நன்மை நெருக்கடி வேளையில் தெரியும். விடுதியில் உணவு ஒவ்வாமை, படகில் விபத்து, மருத்துவமனை வாசலில் போராட்டம் என்று ஏதாவது நடந்தால், நிருபர்கள் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். தொலைபேசியை அணைத்து வைப்பதே வாடிக்கையாளர்களின் முதல் எண்ணமாக இருக்கும். தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததை எப்போது சொல்வோம் என்று நேரம் குறித்துவிடுவதே சரி என்று அவர்களை நம்பவைக்க, எதிர்ப்பக்கத்தில் நின்று கேள்வி கேட்ட அனுபவம் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் பெரியது. தாலுகா அளவில் செய்தி தருபவர்களில் பலருக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது. செய்திக்கு இவ்வளவு என்று கிடைக்கும் தொகையும் விளம்பரத்துக்கான கழிவுமே வருமானம். அதனால் பத்திரிகை அடையாள அட்டையை விடாமலேயே மக்கள் தொடர்பு வேலையையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று சிலர் முன்வருவார்கள். நிறுவனத்துக்கு அது மலிவாகத் தோன்றும். ஆனால், அவர் தம் பெயரில் எழுதும் செய்திக்கு நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால், அது இந்தியப் பத்திரிகை மன்றம் கண்டிக்கும் காசுக்குச் செய்தி வகையிலேயே சேரும். வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர் பெயர்தான் முதலில் கெடும். முழுமையாக விலகியவரை மட்டுமே எடுக்க வேண்டும். செய்தியாளர் சந்திப்பில் உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் வழக்கத்தை முதல் நாளே மறுத்துவிட வேண்டும். பழைய தோழர்களிடம் அதை மறுக்க அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதால், நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ விதியாக அது இருந்தால் அவருக்கே உதவி.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். செய்தி வெளிவந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் நிருபர்களுக்கு உண்டு. மக்கள் தொடர்பில் செய்தி வெளிவந்த பிறகுதான் பாதி வேலை தொடங்குகிறது.

வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் மருத்துவமனை, கல்லூரி, விடுதி என்று பத்திரிகையைச் சார்ந்தவர்களாக இருந்து, நிறுவனருக்கு எழுத்து வராது என்றால், முதல் ஆள் இவரே.

செய்தித் துறையில் ஓய்வு பெற்ற அலுவலர்

செய்தி மக்கள் தொடர்புத் துறையில் உதவி அலுவலராகவோ மாவட்ட அலுவலராகவோ இருந்தவருக்கு மூன்றாவது அளவுகோலில் நிகரில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு எங்கே நிற்கிறது, மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு பொருளை எப்படிச் சேர்ப்பது, அமைச்சர் வரும் விழாவில் அழைப்பிதழில் பெயர்கள் எந்த வரிசையில் வர வேண்டும், தேர்தல் அறிவிப்பு வந்தபின் எந்த நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அழைப்பிதழின் பெயர் வரிசையில் பிழை நேர்ந்தால் எவ்வளவு மனக்கசப்பு வரும் என்பதை விழா நடத்தியவர்கள் அறிவார்கள்.

நம் கடற்பாசி வரியை அவர் நீக்கமாட்டார். ‘அரசின் வழிகாட்டுதலின்படி’ என்று முன்னால் சேர்ப்பார். அது காப்பாகத் தோன்றினாலும், சொல்லாத பொறுப்பை அரசின் மேல் ஏற்றிவிடுகிறது. அவர் நடை பெரும்பாலும் அரசுச் செய்தி வெளியீட்டின் நடை: தலைமை தாங்கினார், குத்துவிளக்கு ஏற்றினார், சிறப்புரை ஆற்றினார் என்று நான்கு பத்திகள் போன பிறகே பொருளுக்கு வரும். அதை மாற்ற மாதங்கள் ஆகும். சிலருக்கு மாறுவதே இல்லை.

பதவிநிலையைப் பொறுத்து, ஓய்வுக்குப் பின் தனியார் வேலையில் சேர முன்அனுமதி தேவைப்படலாம். அதைச் சரிபார்க்காமல் விசிட்டிங் கார்டில் பெயர் போட்டுவிடக் கூடாது. அதைவிட முக்கியம், அவருடைய செல்வாக்கின் ஆயுள். அலுவலர்கள் இடமாறுதலாகி வருவதும் போவதுமாக இருக்கும் மாவட்டத்தில், அவருக்குத் தெரிந்த முகங்கள் சில ஆண்டுகளில் குறைந்துவிடும்; நடைமுறை அறிவு மட்டுமே நிற்கும். அந்த அறிவை மாதச் சம்பளத்துக்கு வாங்க வேண்டியதில்லை. நாளுக்கு இவ்வளவு என்று ஆலோசகராக வைத்துக்கொள்வதே ஒரு சிறு நிறுவனத்துக்குச் சரியாக வரும். அரசுத் திட்டங்களை மக்களிடம் கொண்டுசெல்லும் ஒப்பந்தமே முதன்மை வருமானம் என்றால் மட்டும் முழுநேரமாக எடுக்கலாம்.

களப்பணியாளர்

தொண்டு நிறுவனத்தில் மகளிர் குழுக்களை அமைத்தவர், மீனவர் கூட்டுறவில் பணியாற்றியவர், சமுதாய வானொலியில் நிகழ்ச்சி நடத்தியவர் ஆகியோரை இந்தப் பிரிவில் சேர்க்கிறேன். பாம்பனில் 2016 ஆகஸ்டு 15 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 மீனவருக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி. அத்தகைய இடத்தில் பழகியவர் மைக்கை மற்றவர் பக்கம் திருப்பக் கற்றவர். நேயர் பேசுவதைக் கேட்டு, அதிலிருந்து அடுத்த நிகழ்ச்சியை அமைப்பதே அந்த வேலை.

இவரிடம் அந்தக் கடற்பாசி வரி வந்தால் என்ன ஆகும்? ‘கப்பாபைகஸ்’ என்று குறிப்பில் எழுதியிருப்பதைப் பார்த்து, கரையில் அதைப் ‘பெப்சி பாசி’ என்று சொன்னால்தான் புரியும் என்பார். பிறகு பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துக்குப் போய், தீவுகளை ஒட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துப் பிழைத்த பெண்களிடம் அந்த வரியைப் படித்துக் காட்டுவார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானபின் தங்களுக்கு நேர்ந்த கட்டுப்பாடுகளை அவர்கள் மறக்கவில்லை. ‘எங்களைத் தீவுக்குப் போகாதே என்கிறார்கள், இவர்கள் வளர்ப்பதில் மட்டும் தீங்கில்லையா?’ என்ற கேள்வி அங்கே எழும். அந்தக் கேள்வி அச்சேறிய பிறகு வருவதும், அச்சேறும் முன்பே அலுவலகத்துக்கு வருவதும் ஒன்றல்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே களப்பணியாளரின் மதிப்பு சம்பளத்தைவிடப் பல மடங்கு.

அதே சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் லட்சுமி மூர்த்தி 2015இல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பின் விருதைப் பெற்றார். பாசியை வேரோடு பறிக்காமல், குறிப்பிட்ட நாட்களில் மட்டும் எடுப்பது என்று பெண்கள் தாங்களே வகுத்த ஒழுங்கு உலகின் கவனத்துக்குப் போனது அதன் வழியாகத்தான். சொல்லத்தக்க செய்தி கரையில் நெடுங்காலமாகவே இருக்கும்; அதை ஒருவர் போய்க் கேட்டாக வேண்டும்.

சிறிய விவரங்களிலும் இவர் காப்பாற்றுவார். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாட்களும் கடலுக்குப் போவது என்ற ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. இராமேசுவரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகு நாட்கள். மீனவருக்கான மருத்துவ முகாமை வெளியூர் நிறுவனம் ஒன்று புதன்கிழமை வைத்தால், விசைப்படகுத் தொழிலாளி கடலில் இருப்பார், முகாமில் நாற்காலிகள் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் ஆட்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. அப்போது கட்டணமுள்ள எந்த நிகழ்ச்சியும் எடுபடாது. வெள்ளி நண்பகலில் கீழக்கரையிலும் ஞாயிறு காலையில் தங்கச்சிமடத்திலும் கூட்டம் கூடாது என்று சொல்லவும் ஒருவர் வேண்டும்.

குறைகளும் உண்டு. இவருக்கு எழுத்து வேகம் குறைவு. தொண்டு நிறுவன அறிக்கைகளில் பழகியதால் ‘விழிப்புணர்வு’, ‘அதிகாரப்படுத்துதல்’ என்ற சொற்கள் இல்லாமல் வாக்கியம் அமையாது. முதல் ஆறு மாதம் அவர் எழுதுவதை வேறொருவர் திருத்த வேண்டியிருக்கும். பயணச் செலவு எல்லாரிலும் இவருக்கே மிகுதி: இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரத்துக்கு ஒரு வழியே சுமார் 55 கிலோமீட்டர், தொண்டிப் பக்கமும் சாயல்குடிப் பக்கமும் எதிர்த் திசைகள். போய் வந்த நாளில் கையில் காட்ட எதுவும் இருக்காது. ஒருவருடன் தேநீர் குடித்துவிட்டு வந்திருப்பார். அந்த நாளை வீண் என்று நினைக்கும் நிறுவனர் இவரை எடுக்கவே கூடாது.

இவருக்குள்ள மோதலும் நிருபருக்குள்ளதைவிட நுட்பமானது. இத்தனை ஆண்டுகள் ‘உங்களுக்காக வந்தேன்’ என்று சொன்னவர் இப்போது ஏற்றுமதி நிறுவனத்தின் சார்பாக வருகிறார். யாருக்காக வந்திருக்கிறோம் என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பழைய உறவைப் பயன்படுத்தினால், ஒரு முறைதான் அது பயன்படும். கரைக்கு எதிரான வேலையை அவருக்குக் கொடுக்க மாட்டோம் என்று நிறுவனமும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதனால் சில வாடிக்கையாளர்களை இழக்க நேரும். அதையும் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

காணொலி, சமூக ஊடகம் தெரிந்தவர்

விடுதி உரிமையாளர்கள் முதலில் கேட்பது இவரைத்தான். தனுஷ்கோடியில் ஒரு நிமிடக் காணொலி எடுத்தால் பார்வை வந்துவிடுகிறது. பார்வை வந்தால் அறை நிரம்பும் என்று நம்புகிறார்கள். ஓரளவு உண்மையும்கூட. திருமணக் காணொலி எடுத்துப் பழகியவர் ஒளி, ஒலி, தொகுப்பு மூன்றையும் தாமே பார்ப்பார். இன்றைய வேலைக்கு இன்றே பலன் தெரியும். வெளியூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கும் கீழக்கரை, பெரியபட்டினம் மக்களை எட்ட, செய்தித்தாளைவிட இவர் வழியே பெரிது.

கடற்பாசி வரியை இவர் அப்படியே திரையில் பெரிய எழுத்தில் போட்டு இசை சேர்த்துவிடுவார். ஆபத்து அதுதான். செய்தித்தாளில் ஒரு துணையாசிரியர் வெட்டியிருக்கக்கூடிய வரி, இங்கே யார் கண்ணும் படாமல் ஆயிரக்கணக்கானோரைப் போய்ச் சேரும்.

செலவுகளில் கண்ணுக்குத் தெரிபவை கேமரா, கணினி, மென்பொருள். தெரியாதது உப்புக்காற்று: லென்ஸும் இணைப்பு முனைகளும் இங்கே விரைவில் கெடும், ஆகவே பராமரிப்புக்கென்று மாதந்தோறும் ஒதுக்க வேண்டும். ட்ரோனுக்கு 2021 விதிகளின்படி பதிவும் வான்வெளி வரைபடச் சரிபார்ப்பும் வேண்டும். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானதளம் இருக்கும் கரையில், ‘கொஞ்சம் மேலே பறக்கவிட்டு இறக்கிவிடலாம்’ என்பது விளையாட்டான பேச்சன்று. தீவுகளின் பக்கம் போக வனத்துறை அனுமதியும் வேண்டும். பணம் கொடுத்துச் செய்யும் பதிவுகளில் அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது 2021 முதல் விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதல். தன் பெயரில் பின்தொடர்வோரைச் சேர்த்துக்கொண்டு அவர் விலகிவிட்டால், வாடிக்கையாளரின் பார்வையாளர்களும் அவருடனே போய்விடுவார்கள்.

வருமானத்தில் பெரும்பகுதி சுற்றுலாவிலிருந்தும் நேரடி விற்பனையிலிருந்தும் வருகிறது என்றால் இவர் வேண்டும். இல்லையென்றால் வேலைக்கு இவ்வளவு என்று வெளியே கொடுப்பதே போதுமானது.

கடல் அறிவியல், மீன்வளம் படித்தவர்

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செயல்படத் தொடங்கிய காலம் முதல் இந்தக் கரையில் கடல் ஆய்வு நடந்துகொண்டே இருக்கிறது. படித்தவர்கள் கிடைப்பது கடினமில்லை. நம் கடற்பாசி வரியை ஒரே வீச்சில் அடிக்கக்கூடியவர் இவரே. கப்பாபைகஸ் வெளிநாட்டு இனம் என்பதும், குருசடைத் தீவருகே அது பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்ததும் அவருக்குத் தெரியும். ‘தீங்கே இல்லை’ என்பதை நீக்கிவிட்டு, பவளப்பாறைகளிலிருந்து தள்ளி எங்கே வளர்க்கிறோம், அறுந்த துண்டுகளை எப்படிச் சேகரிக்கிறோம் என்று எழுதச் சொல்வார். வாடிக்கையாளர் அதற்கு ஒப்பவில்லையென்றால், அந்தக் குறிப்பு வெளியே போகக் கூடாது.

பாக் நீரிணைக் கடல்பசுப் பாதுகாப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் என்பதை இவர் மறக்கமாட்டார். ‘எங்கள் விடுதியின் அருகில்’ என்று எழுதிவிடும் ஆசை இங்குள்ள பலருக்கு உண்டு. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், பறவைகளை விரட்டிப் பறக்கவைத்துப் படமெடுப்பது விளம்பரமாகாது என்று சொல்லவும் இவர் வேண்டும்.

ஆனால் முழுநேர வேலை இவருக்கு இருக்காது. எழுத்து ஆய்வுக்கட்டுரை நடையில் இருக்கும். நல்ல வாய்ப்பு வந்தால் ஆராய்ச்சிக்கே திரும்பிவிடுவார். கடல்சார் வாடிக்கையாளர் மூவருக்கு மேல் இல்லாதவரை, குறிப்புகளைச் சரிபார்க்கும் பகுதிநேர ஏற்பாடு போதும்.

ஒரே பார்வையில்

| பின்னணி | உடனே கிடைப்பது | வெளியே தெரியாத செலவு | எப்போது முதல் தேர்வு |
|---|---|---|---|
| முன்னாள் நிருபர் | செய்தி உணர்வு, வேகம், நெருக்கடி நிதானம் | பழைய தொழிலிலிருந்து முழுதாக விலகாமை. உறைப் பழக்கம் | மருத்துவமனை, கல்லூரி, விடுதி மிகுதியாக இருக்கும்போது |
| ஓய்வு பெற்ற செய்தித் துறை அலுவலர் | அலுவலக நடைமுறை | முன்அனுமதி, அரசு நடை, குறைந்துவரும் அறிமுகங்கள் | அரசுத் திட்ட ஒப்பந்தமே முதன்மை என்றால். மற்றபடி ஆலோசகர் |
| களப்பணியாளர் | கரையின் நம்பகம், முன்னெச்சரிக்கை | பயணம், எழுத்துத் திருத்தம், இழக்கும் வாடிக்கையாளர்கள் | கடற்பாசி, மீன், தொண்டு நிறுவனம், புதிய திட்டங்கள் |
| காணொலிக்காரர் | உடனடிப் பார்வை | கருவிப் பராமரிப்பு, அனுமதிகள், சரிபார்ப்பின்மை | சுற்றுலா, நேரடி விற்பனை |
| கடல் அறிவியலர் | உண்மைப் பிழை தடுப்பு | போதிய வேலையின்மை, விரைவில் விலகுதல் | கடல்சார் வாடிக்கையாளர் பலர் இருந்தால். மற்றபடி பகுதிநேரம் |

என் தேர்வு

நிறுவனருக்கே எழுத்தும் செய்தி உணர்வும் இருந்தால், மூன்றாவது ஆளாகக் களப்பணியாளரை எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்தக் கரையில் பேசத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. வாடிக்கையாளருக்கு எதிரே உட்கார்ந்து, ‘கரையில் இப்படிச் சொல்கிறார்கள், இந்த வரியை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்லக்கூடியவருக்குத்தான் குறைவு. நிறுவனருக்கு எழுத்து வராது என்றால் முதலில் நிருபர், நான்காவது இடம் வரும்போது களப்பணியாளர். நிறுவனரே முன்னாள் நிருபர் என்றால் இன்னொரு நிருபரை எடுக்கக் கூடாது. இருவருக்கும் ஒரே நட்பு வட்டம் இருக்கும், இருவர் கண்ணுக்கும் ஒரே இடம் தெரியாமல் போகும். பழகியவர் என்பதற்காக இந்தத் தவறைத்தான் பலர் செய்கிறார்கள்.

பட்டம் மட்டும் பெற்ற புதியவரைக் குறைந்த சம்பளத்தில் எடுத்துப் பழக்கலாமே என்பார்கள். மூன்று பேர் இருக்கும் அலுவலகத்தில் பழக்க நேரம் உள்ளவர் யார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இருந்தால், இதழியல் படித்துவிட்டு மதுரைக்கும் சென்னைக்கும் போக வேண்டியிருக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு, வரவேற்கிறேன்.

கணக்கிலும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை, இருபது பேருக்குக் குறைந்தால் வருங்கால வைப்பு நிதியும் கட்டாயமில்லை. அதனால் பெரிய இடங்களிலிருந்து வருபவர் இழப்பது அதிகம்; மருத்துவக் காப்பீட்டையாவது நிறுவனம் எடுத்துத் தருவது முறை. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 இலட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் 18 சதவீத வரியும் வரும். நான்காவது ஆளுக்காகப் பெரிய ஒப்பந்தங்களைத் தேடும்போது இந்தக் கோட்டைத் தாண்டுவோம் என்பதை முன்பே கணக்கிட வேண்டும். கடல் சார்ந்த வாடிக்கையாளர்கள் தடைக்காலத்தில் கட்டணத்தைத் தள்ளிப்போடுவார்கள். ஏப்ரல் முதல் ஜூன் இறுதி வரையிலான சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆளை அமர்த்த வேண்டும்.

அமர்த்தும் முன்

நேர்காணலில் அவர் பேசுவதை வைத்து முடிவெடுப்பது போதாது. சம்பளம் கொடுத்து இரண்டு வாரம் வேலை வாங்கிப் பார்ப்பதே நல்லது. அந்த இரண்டு வாரத்தில் ஒரு பக்கத்துக்கு மிகாத செய்திக்குறிப்பு ஒன்றை அவரே எழுதட்டும். அவருக்கு அறிமுகமில்லாத ஒரு மீனவ ஊருக்குப் போய், மூன்று பேர் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே எழுதி வரட்டும். வாடிக்கையாளரின் வரைவு ஒன்றைக் கொடுத்து, அதில் எதை நீக்குவார் என்று கேளுங்கள். ஒன்றையும் நீக்காதவர் எந்தப் பின்னணியில் வந்தாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

பணி ஆணையில் மூன்று பிரிவுகள் தெளிவாக இருக்க வேண்டும். நிருபராக இருந்தவரிடமிருந்து விலகல் கடிதத்தின் நகலும், அடையாள அட்டையை ஒப்படைத்ததற்கான சான்றும் பெற வேண்டும். வாடிக்கையாளரின் சமூக ஊடகக் கணக்குகள் அனைத்தும் வாடிக்கையாளரின் எண்ணிலும் மின்னஞ்சலிலும்தான் தொடங்கப்பட வேண்டும். களத்தில் சேகரித்த பெயர்களும் தொலைபேசி எண்களும், அவற்றைத் தந்தவர் எதற்காகத் தந்தாரோ அந்த வேலைக்கு மட்டுமே பயன்படும் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. மகளிர் குழுவின் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்களுக்கு நகைக்கடைக் குறுஞ்செய்தி போனால், அடுத்த முறை அந்த ஊரில் யாரும் எண் தரமாட்டார்கள்.